நாவல் கட்டையின் நிழல்

வெள்ளாங்குறிச்சியில் விறகு எரிந்தால் நிழல் விழ ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி சுமாருக்கு, விறகுமண்டித் தெரு முக்கில் இருக்கும் டீக்கடை அடுப்பில் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். கடைக்காரர் ஒரு புளியங்கட்டையை அடுப்பில் செருகினார், அது சடசடவென்று பிடித்துக்கொண்டது, உடனே கடைக்கு முன்னால் டம்ளரும் கையுமாக நின்றிருந்த ஏழெட்டுப் பேர் தலையிலும் ஒரு முழுப் புளியமரத்தின் நிழல் குளுகுளுவென்று வந்து இறங்கியது. அண்ணாந்து பார்த்தால் மரமில்லை, கிளையில்லை, வெறும் வெள்ளை வானம். குனிந்து பார்த்தால் தரையில் பொடி இலைகளின் நிழல் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கட்டை சாம்பலானதும் நிழலும் போயிற்று. கடைக்காரர் அடுத்ததாகச் சவுக்கைச் செருக, சீப்பால் வாரிவிட்டதுபோல் கோடு கோடாக ஒரு சோனி நிழல் விழுந்தது. "இது சரியில்ல, முன்ன போட்டதயே போடும்," என்றார் ஒருவர். அந்த ஊர்க்காரர்கள் இதற்குப் பட்ட ஆச்சரியம் மொத்தமே அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஊருக்குள் வரும் வழியில் இருந்த மரம் அத்தனையையும் வெட்டித் தள்ளியிருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மின்கம்பத்தின் ஒரு சாண் நிழலில் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசை கட்டி நின்று, வெயில் நகர நகரத் தாங்களும் நகர்ந்து கொண்டிருந்த ஊர் அது. அப்படித் தவித்துக் கிடந்த ஜனங்களுக்கு ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. கேஸ் சிலிண்டரை ஓரங்கட்டிவிட்டு, பரணில் கிடந்த மண் அடுப்பை இறக்கி வாசலில் வைத்தார்கள். ஓய்வுபெற்ற சர்வேயர் தாணுலிங்கம் மட்டும் பழைய சங்கிலியை எடுத்துவந்து, ஒரு முனையைத் தன் மனைவி பகவதியைப் பிடிக்கச் சொல்லி, வாகைக்கு எத்தனை சென்ட் நிழல், வேம்புக்கு எத்தனை சென்ட் நிழல் என்று தெருத் தெருவாக அளந்துகொண்டிருந்தார். அவருக்கு எதையும் அளந்தால்தான் சோறு இறங்கும்.

சித்திரை முடிவதற்குள் ஊர் நிழலில் கரை கண்டுவிட்டது. புளி நிழல் ஊர்வம்பு பேச நல்லது, ஆனால் அதில் படுத்துத் தூங்கக்கூடாது. பூவரசு நிழல் தொட்டில் கட்ட நல்லது. சீமைக்கருவேலம் நிழல் பெயருக்குத்தான் நிழல், ஆடுகள்கூட அதற்குள் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். முருங்கையை எரித்தவனால் ஊர் அடித்த கேலியில் அன்றைக்கு முழுக்கத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. வேம்பை அடுப்பில் வைப்பது அம்மனுக்கு ஆகாதே என்று கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். தானாக விழுந்த காய்ந்த கொப்பு என்றால் எரிக்கலாம் என்று அம்மன் உத்தரவு கொடுத்தாள். என் வீட்டு அடுப்புக்கு நீ எப்படிக் குளிர்காயலாம் என்று வெயில்காலத்தில் சண்டை போட்ட ஒரே ஊர் அதுவாகத்தான் இருக்கும். மேலத்தெருவில் ஒருத்தர் ஆசை மிகுந்து, நின்றுகொண்டிருந்த பச்சை வாகையை வெட்டி எரித்துப் பார்த்தார்; புகைதான் வந்தது, நிழல் வரவில்லை, நின்ற மரத்தின் நிழலும் போயிற்று. அந்த வேடிக்கையைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். அதற்கப்புறம் பச்சை மரத்தில் யாரும் கைவைக்கவில்லை.

இந்தக் களேபரத்தில் திடீரென்று ஊருக்கே முக்கியமான ஆளாகிப்போனவள் ஆவுடையம்மாள். பிச்சைக்கண்ணுவின் விறகுமண்டியில் முப்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலைதான், இனம் பிரிப்பது. லாரியில் கலந்துகட்டி வந்து இறங்கும் விறகை ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பாள், தூக்கிக் கனம் பார்ப்பாள், நகத்தால் கீறி மூக்கில் வைப்பாள், மரத்தின் பெயரைச் சொல்வாள். சொன்ன பெயருக்கு உரிய அட்டியில் ஆட்கள் அதைக் கொண்டுபோய் அடுக்குவார்கள். பட்டை உரிந்து, மழையில் நனைந்து, கரையான் தின்று, அப்பன் பெயர் தெரியாமல் கிடக்கும் துண்டைக்கூட அவள் மூக்கு விடாது. வேம்பை நாக்கு நுனியில் வைத்துத் துப்புவாள். வாகை என்றால் கிட்டே வரும்போதே தும்மல் வந்துவிடும். பூவரசு பிளந்த அன்றைக்கு ரோஜாப்பூ வாசனை அடிக்கும் என்று அவள் சொன்ன பிறகுதான் ஊரில் பலரும் மோந்து பார்த்தார்கள். அவள் ஒரு மரத்தின் பெயரை இன்னொரு மரத்துக்குச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. தவசுப்பிள்ளைகள் கல்யாணச் சமையலுக்கு விறகு வாங்க வந்தால் பிச்சைக்கண்ணுவிடம் பேசமாட்டார்கள், நேரே அவளிடம்தான் போவார்கள்.

முன்பெல்லாம் விறகு வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: நின்று எரியுமா. இப்போது என்ன மரம் என்று கேட்டார்கள். வைகாசி வந்ததும், யார் வீட்டு மரம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நிழலுக்குள் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த மரத்தில் என்ன இருந்ததோ அதுவும் தெரிந்தது: கொக்குக் கூடு தெரிந்தது, ஊஞ்சல் கயிறு தெரிந்தது. பழைய தபாலாபீஸ் வாசலில் நின்ற வேம்பின் கட்டை எரிந்தபோது அடிமரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்த தபால் பெட்டியின் நிழலும் கூடவே விழ, மிலிட்டரிக்குப் போன புருஷனுக்கு அந்தப் பெட்டியில் பன்னிரண்டு வருஷம் கடிதம் போட்ட ஒரு அம்மாள், நிழல் பெட்டியின் வாய்க்குள் கையைவிட்டபடி அரைமணி நேரம் நின்றாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரவர் மரத்தைத் தேடி அவரவர் மண்டிக்கு வந்தார்கள், ஆவுடையம்மாள் அட்டி அட்டியாக ஏறி இறங்கி, மோந்து, கீறி, தட்டி, "இந்தா, ஒங்க வீட்டு வாகை," என்று எடுத்துக் கொடுத்தாள், அவர்கள் பச்சைப் பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எல்லோர் மரத்தையும் தேடிக் கொடுத்த ஆவுடையம்மாளுக்கும் ஒரு மரம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால், பழைய சேலையில் சுற்றி, முழங்கால் உயரத்தில் ஒரு கட்டை பத்தொன்பது வருஷமாக இருந்தது. அது அவர்கள் வீட்டு நாவல்.

புருஷன் செத்தபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். வீட்டைத் தகப்பனார் ஆளுக்குப் பாதியாக எழுதிவைத்திருந்தார். அண்ணன் கொம்பையாவுக்கு மேல்பாதி, இவளுக்குக் கீழ்பாதி. புறவாசலில் இரண்டு பாதிக்கும் நடுவே சொல்லிவைத்தாற்போல அந்த நாவல் நின்றது. ஆனி, ஆடியில் புறவாசல் முழுக்க ஊதா மெழுகினதுபோலக் கிடக்கும். அண்ணன் மேலே ஏறி உலுக்க, இவள் பாவாடையை விரித்துக்கொண்டு கீழே ஓடி ஓடிப் பிடித்த பழங்களுக்குக் கணக்கே இல்லை. கறை பட்டதற்கு அம்மாவிடம் அடி வாங்குவதும் அண்ணன்தான். அவளுக்கு உலகத்தில் அண்ணனைவிட ஒசத்தியான ஆள் யாரும் கிடையாது. அப்படிப்பட்ட அண்ணன்தான், மகனுக்குக் கல்யாணம் கூடிவர, புது அறை ஒன்று எடுக்க வேண்டும் என்று, அவள் மண்டிக்குப் போயிருந்த ஒரு பகல்பொழுதில் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த மரத்தை வெட்டினார்.

வெட்டியதோடு போயிருந்தால்கூட மறந்திருப்பாள். நாலைந்து வாரம் ஆற்றங்கரையில் காயப்போட்ட பிறகு, விறகு வியாபாரி அதை மற்ற விறகோடு கலந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து பிச்சைக்கண்ணுவின் மண்டியிலேயே இறக்கினான். தன் வீட்டு மரத்தைத் தன் கையால் எடுத்து, கனம் பார்த்து, மோந்து, ஆட்கள் காத்துக்கொண்டு நிற்க, "நாவல், ரெண்டாந்தரம்," என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது. நாவல் புகையும், நின்று எரியாது. ரெண்டாந்தரம்தான், அதில் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு கட்டையை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் வந்தது. அண்ணன் தெருவில் வந்தால் இவள் சந்துக்குள் திரும்பிவிடுவாள், மதினி செத்தபோதுகூடத் தலைமாட்டில் இருந்து அழுதுவிட்டு அண்ணன் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டாள். யாருக்காக அறை கட்டினாரோ அந்த மகன் ஒரே வருஷத்தில் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டான். அறை பூட்டியே கிடந்தது.

ஊரே எரித்து எரித்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கோடையில் அவள் மட்டும் கட்டையை எரிக்கவில்லை. எரித்தால் ஒரு தடவைதான். மிஞ்சிப்போனால் அரைநாள் நிழல் இருக்கும், அப்புறம் சாம்பல். ஒன்றுமே இல்லாமல் போவதைவிட மூலையில் இருக்கட்டும் என்று வைத்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலையில் கொம்பையா மண்டிக்கு வந்தார். வேட்டியைத் தழைத்துக் கட்டிக்கொண்டு, விறகு வாங்க வந்த வெளியூர்க்காரர்போல அட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்து, அவளுக்கு ஐந்தடி தள்ளி நின்றார். ஆட்கள் கையில் எடுத்த விறகோடு அப்படியே நின்றுவிட்டார்கள். பிச்சைக்கண்ணு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்.

"நாவக் கட்டை ஏதும் இருக்கா?" என்றார் கொம்பையா, அட்டியைப் பார்த்து.

"நாவ வந்து மூணு மாசம் ஆச்சு," என்றாள் ஆவுடையம்மாள், அவளும் அட்டியைப் பார்த்து.

"நான் மண்டியில உள்ளதக் கேக்கல. ஒங்கிட்ட உள்ளதக் கேக்கேன். அன்னைக்கு நீ முந்தியில மறச்சுக் கொண்டு போனத நான் பாத்தேன்."

பத்தொன்பது வருஷமாகத் தெரிந்தும் சொல்லவில்லை இந்த மனுஷன் என்று நினைத்தாள். கூடவே கோபமும் வந்தது. "வெட்டும்போது கேட்டியளா? இப்ப எரிக்க மட்டும் கேக்க வந்திருக்கிய."

"கேக்கல," என்றார் அவர். "கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ. நீ சொன்னா என்னால வெட்ட முடியாது. அதான் கேக்கல." அட்டியில் துருத்திக்கொண்டிருந்த ஒரு விறகைத் தள்ளி நேராக்கினார். "வீட்ட வெலைக்குக் குடுத்தாச்சு. வெள்ளிக்கெழம மத்தியானம் மவன் காரு கொண்டு வாரான். ஓசூர்ல நாலாவது மாடி. போறதுக்கு முன்ன ஒருக்க அதுக்கடியில இருந்துட்டுப் போவலாம்னு பாத்தேன். முடியாதுன்னா வேண்டாம்." வந்ததுபோலவே அட்டிகளைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டு நாளும் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கொடுக்க மனசில்லை, கொடுக்காமல் இருக்கவும் மனசில்லை. இந்தக் கட்டையையும் விட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஒருநேரம் தோன்றும். அண்ணன் போய்விட்டால் கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இருக்காதே என்று ஒருநேரம் தோன்றும். சேலையைப் பிரித்து மோந்து பார்த்தாள். ரசகற்பூரமும் எலிப்புழுக்கையும்தான் மணத்தது, பத்தொன்பது வருஷத்தில் மேல்வாசம் எல்லாம் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கட்டையையும் கோடாலியையும் எடுத்துக்கொண்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுப் புறவாசலுக்குப் போனாள்.

அதற்குள் விஷயம் பரவியிருந்தது. தாணுலிங்கம் சங்கிலியோடு வந்துவிட்டார், கூட பகவதி. பிச்சைக்கண்ணு மண்டியைப் பூட்டிவிட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தெருவே வந்து, விருந்தாளிகள்போல ஓரமாக நின்றது. கொம்பையா, கட்டி வைத்த பெட்டி மேலே உட்கார்ந்து தங்கையைப் பார்த்தார். அவள் கட்டையை நிறுத்தி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே போடாகப் போட்டாள். கட்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து வாசம் எழும்பியது.

அது நாவலின் புளித்த வாசமில்லை. துவர்ப்பும் ஆற்றுமணல் ஈரமும் கலந்த வாசம். மருதம்.

ஆவுடையம்மாளுக்குக் கை கோடாலிக் காம்பிலேயே ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை தப்பு செய்திருக்கிறாள், அதையும் தன் வீட்டு மரத்திலேயே செய்திருக்கிறாள். அன்றைக்கு அழுது அழுது மூக்கு அடைத்திருந்தது. அடைத்த மூக்கோடு, பட்டை உரிந்த கட்டை ஒன்றை லாரிக் குவியலிலிருந்து எடுத்து, ஆற்றங்கரையில் யாரோ வெட்டிய மருதத்தை நாவல் என்று நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அவர்கள் வீட்டு நாவல் அந்த வாரமே யார் யார் அடுப்பிலோ எரிந்து, நிழலும் விழாத காலத்தில் சாம்பலாகிப் போயிருக்கும். இதற்காகவா இத்தனை வருஷம் என்று அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும்போல இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் பெட்டி மேலே, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளைமாதிரி காத்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடியும் கோடாலியை ஓங்கினாள். இரண்டு பிளவில் ஒன்றைச் சின்னச் சின்னதாகச் சீவி, மற்றதைப் பக்கத்தில் சாய்த்து, பனையோலையில் நெருப்பைப் பற்றவைத்தாள்.

நிழல் விழுந்தது. பெரிய, அகலமான, குளிர்ந்த நிழல். புறவாசலைத் தாண்டி, சுவரைத் தாண்டி, அவள் வீட்டு ஓட்டின்மேலும் விழுந்தது. அது மருதமரத்தின் நிழல் என்பது அந்தக் கோடை முழுக்க இலை நிழலைப் பார்த்துப் பார்த்துத் தேறியிருந்த ஜனங்கள் அத்தனை பேருக்கும் ஒரு பார்வையில் தெரிந்துபோயிற்று. நாவலின் பழக்கொத்து இல்லை, தாழ்ந்த கிளை இல்லை. அடிமரம் நெடுநெடுவென்று போய் உச்சியில் விரிந்திருந்தது. ஒரு கிளையில் மீன்கொத்தியின் நிழல்கூட உட்கார்ந்திருந்தது, புறவாசல் நாவலுக்கு மீன்கொத்தி எங்கிருந்து வரும். எல்லோரும் ஆவுடையம்மாளைப் பார்த்தார்கள், அப்புறம் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். தாணுலிங்கம், "இது வந்து..." என்று வாயைத் திறந்தார். பகவதி அவர் காலை மிதித்தாள்.

கொம்பையா பெட்டியைத் தள்ளிப் போட்டு நிழலின் நடுவில் உட்கார்ந்தார். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரலை நீட்டி, "ஆவுட, அந்தா வடக்குக் கொப்பு," என்றார். "அதுலருந்துதான நீ விழுந்து கைய ஒடிச்ச. நான் ஒன்னத் தூக்கிட்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினேன்."

அவள் அங்கே பார்த்தாள். அவர் காட்டிய இடத்தில் கிளையே இல்லை, வெயில்தான் விழுந்துகிடந்தது. அந்த மரத்தில் பிறந்ததுமுதல் ஏறி இறங்கியவர், ஒவ்வொரு கொப்பும் தெரிந்தவர், இது அது இல்லை என்று ஊரிலுள்ள யாரையும்விட முன்னாலேயே கண்டுகொண்டிருப்பார். கண்டுகொண்டுதான், இத்தனை வருஷம் ஊரான் கட்டையைக் கட்டிக்காத்தவளுக்காக இல்லாத கொப்பைக் காட்டுகிறார். இந்த அண்ணனோடா பேசாமல் இருந்தோம் என்று இருந்தது அவளுக்கு.

"ஆமாண்ணே," என்றாள். "தூக்கிட்டுப் போவும்போது வழி முழுக்க நீங்கதான் அழுதிய, நான் அழல."

அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் பெட்டியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அதற்கப்புறம் பேசினார்கள், பத்தொன்பது வருஷத்தில் பேசாததில் எதையும் பேசவில்லை. மதினி வைத்த புளிக்குழம்பைப் பற்றி, முட்டுகிற கன்றுக்குட்டி ஒன்றைப் பற்றி, அம்மாவின் கோபத்தைப் பற்றிப் பேசினார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நிழலில் சம்மணம் போட்டார்கள். யாரோ காபி கொண்டுவந்தார்கள்.

முதல் பிளவு எரிந்து முடிந்து, இரண்டாவது பிடிக்க ஆரம்பித்த நேரம் வாசலில் கார் சத்தம் கேட்டது. கொம்பையா எழுந்து பெட்டியைத் தூக்கினார். "மிச்சத்த அணைச்சிரு ஆவுட," என்றார். "வச்சிரு. நான் வரும்போது எரிச்சுக்கலாம்."

"எப்ப வருவிய?"

"அது இருக்கும்போது வராமப் போவேனா?"

செம்புத் தண்ணீரை எடுத்துக் கட்டையின்மேல் ஊற்றினாள். உஸ்ஸென்று புகை கிளம்பியது, நிழல் சுருட்டிக்கொண்டு போனது, அத்தனை பேர் தலையிலும் உச்சிவெயில் விழுந்தது. அந்த வெயிலில் கார் தெருமுனை திரும்புகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு, அவள் புறவாசலுக்கு வந்து, பாதி கரிந்த பிளவைக் குனிந்து எடுத்து, ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

தாணுலிங்கத்துக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பகவதி எட்டத்தில் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டு கிட்டே வந்து, தொண்டையைக் கனைத்து, "ஆவுடயம்மா, நீ சொன்னா அது சரியா இருக்கும், அதான் கேக்கேன்," என்றார். "இது என்ன மரம்?"

தெரு முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் கட்டையைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தாள், நகத்தால் கீறினாள், மூக்கில் வைத்து மோந்தாள்.

"நாவல்," என்றாள். "எங்க வீட்டு நாவல்."

"அதான பாத்தேன்," என்றார் தாணுலிங்கம், சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே.